கொல்லத் தயங்கிய பாண்ட்: திமதி டால்டனைப் பற்றி ஒரு பதில்

ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஷான் கானரியில் தொடங்கி, டேனியல் கிரேக், ரோஜர் மூர், பியர்ஸ் பிராஸ்னன் என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில்தான் திமதி டால்டனை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டே படங்களில் நடித்துவிட்டு ஒதுங்கியவரைச் சிலர் மட்டும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள், அவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பதால் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஆளைக் கொல்வதே வேலை என்றிருக்கும் ஒருவனை அந்த வேலை உள்ளுக்குள் எப்படி அரிக்கும் என்பதை முகத்தில் கொண்டுவந்த முதல் பாண்ட் டால்டன். கானரியின் பாண்ட் கொலையை அலட்சியமாகச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவான். மூரின் பாண்ட் அதையும் ஒரு நகைச்சுவை வசனத்தோடு கடந்துவிடுவான். அவரவர் பாணியில் இருவருமே தேர்ந்தவர்கள். ஜார்ஜ் லேசன்பி 1969 படத்தின் முடிவில் மனைவியை இழந்து உடைந்துபோவது உண்மையிலேயே மனத்தைத் தைக்கும் காட்சி. ஆனால் அது காதலின் துயரம். தொழிலே ஒருவனைத் தின்றுகொண்டிருப்பதை டால்டனுக்கு முன் யாரும் நடித்துக் காட்டவில்லை.

1987இல் வந்த ‘தி லிவிங் டேலைட்ஸ்’ படத்தின் தொடக்கப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா. கோஸ்கோவ் என்ற சோவியத் ஜெனரல் மேற்கு நாடுகளின் பக்கம் ஓடிவரப் போகிறான். இசை அரங்கத்தின் சன்னல் வழியாக அவன் இறங்கித் தெருவைக் கடக்கும்போது, அவனைச் சுட ஒரு குறிபார்த்துச் சுடுபவரை சோவியத் தரப்பு நிறுத்தியிருக்கிறது. அவரைக் கொன்று ஜெனரலைக் காப்பாற்றுவது பாண்டின் பொறுப்பு. எதிரே உள்ள கட்டடத்தில் இருட்டில் துப்பாக்கியோடு காத்திருக்கிறான். உடன் இருப்பவர் சாண்டர்ஸ் என்ற அதிகாரி, விதிமுறைப் புத்தகத்தை விட்டு ஓர் அங்குலம் விலகாதவர். சன்னலில் துப்பாக்கியோடு தோன்றுவது, சற்று முன் மேடையில் செல்லோ என்ற பெரிய நரம்பிசைக் கருவியை வாசித்த இளம்பெண். பாண்ட் ஒரு கணம் பார்க்கிறான். பிறகு அவளை விட்டுவிட்டு அவள் பிடித்திருக்கும் துப்பாக்கியைச் சுடுகிறான்.

வண்டியில் திரும்பும்போது சாண்டர்ஸ் பொங்குகிறார். வேண்டுமென்றே குறி தவறினாய், மேலிடத்தில் சொல்லத்தான் போகிறேன் என்கிறார். தொழில் தெரிந்தவர்களை மட்டுமே தான் கொல்வதாகவும், அந்தப் பெண்ணுக்குத் துப்பாக்கியின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றே தெரியாது என்றும் பாண்ட் பதில் சொல்கிறான். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், வேலையை விட்டு நீக்கினால் மேலதிகாரிக்கு நன்றி சொல்வேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான். இதே வசனத்தை வேறொருவர் பேசியிருந்தால் வீராப்பாகக் கேட்டிருக்கும். டால்டன் குரலை உயர்த்தவில்லை, சாண்டர்ஸின் முகத்தில் என்ன தெரிகிறது என்று கவனிக்கவும் இல்லை. அலுத்துப்போன ஒருவன் பேசுவதுபோலப் பேசிவிட்டு வேலையைத் தொடர்கிறார். வேலை போனால் நிம்மதி என்பதை அவன் உண்மையாகவே சொல்கிறான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு முன் வந்த பதினான்கு படங்களில், பாண்டுக்கு இந்த வேலை பிடிக்காமல் இருக்கலாம் என்ற எண்ணம் அநேகமாக யாருக்கும் வந்திருக்காது.

இந்தக் காட்சி வானத்திலிருந்து விழுந்ததன்று. பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃபிளெமிங் எழுதிய அதே தலைப்புள்ள சிறுகதையிலிருந்து வந்தது. கதை நடப்பது பெர்லினில். கிழக்கிலிருந்து தப்பி வரும் ஓர் உளவாளியைக் காப்பதற்காக மூன்று இரவுகள் ஒரு சிறிய அடுக்ககத்தில் பாண்ட் காத்திருக்கிறான். எதிர்ப்பக்கம் தினமும் வந்துபோகும் பெண்கள் இசைக்குழுவில் செல்லோவைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒருத்தியைப் பார்த்து மனத்துக்குள் பிரியம் கொள்கிறான். கடைசியில் துப்பாக்கியோடு சன்னலில் வருவது அவள்தான். கதையின் பாண்ட் கடைசி நொடியில் குறியை மாற்றுகிறான். இதற்காகக் கொல்லும் உரிமையைக் குறிக்கும் தன் ‘00’ எண் பறிபோனாலும் பரவாயில்லை என்று நினைக்கிறான். காத்திருக்கும் நேரத்தில் அவன் விஸ்கி குடிப்பதை உடனிருக்கும் அதிகாரி ஆட்சேபித்தபோது, இன்றிரவு கொலை செய்யப்போவது நானா நீங்களா என்ற தொனியில் சீறுகிறான். ஃபிளெமிங்கின் நாவல்களில் இந்த மனிதன் திரும்பத் திரும்ப வருகிறான். ‘கோல்டுஃபிங்கர்’ நாவல் தொடங்குவதே மியாமி விமான நிலையத்தில்தான். ஓர் ஆளைக் கொன்றுவிட்டு வந்த பாண்ட் மது அருந்தியபடி சாவையும் வாழ்வையும் நினைத்துக் கசந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். திரைக்கு வந்தபோது இந்தப் பகுதியெல்லாம் கழன்றுபோய், உடையும் காரும் மார்ட்டினியும் மிஞ்சின.

டால்டன் இந்த வேடத்துக்குத் தயாரானபோது மறுபடியும் புத்தகங்களுக்குத்தான் போனார். ஃபிளெமிங்கின் கதைகளைப் படித்து, அவற்றிலிருந்தே தன் பாண்டை உருவாக்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவருடைய பின்னணியும் அதற்குத் தோதானது. 1946இல் வேல்ஸில் பிறந்து, லண்டனில் ராடா நாடகப் பள்ளியில் பயின்று, மேடையில் வளர்ந்தவர். 1968இல் ‘தி லயன் இன் வின்டர்’ படத்தில் பீட்டர் ஓ’டூல், கேத்தரின் ஹெப்பர்ன் ஆகியோர் எதிரில் இளம் பிரெஞ்சு மன்னன் பிலிப்பாக அறிமுகமானார். 1970இல் ‘வதரிங் ஹைட்ஸ்’ படத்தில் ஹீத்கிளிஃப், 1983இல் பிபிசியின் ‘ஜேன் அயர்’ தொலைக்காட்சித் தொடரில் ரோசெஸ்டர். ஆங்கில இலக்கியத்தின் உள்ளுக்குள் புழுங்கும் இரண்டு பெரிய மனிதர்களை நடித்து முடித்த பிறகுதான் பாண்டுக்கு வந்தார். ஒரு மனிதன் பேசாமல் நிற்கும்போது உள்ளே என்ன ஓடுகிறது என்பதைக் காட்டும் பயிற்சி அங்கேயே ஆகிவிட்டது.

அறுபதுகளின் இறுதியில் கானரி விலகியபோதே டால்டனைக் கேட்டிருக்கிறார்கள். வயது இருபதுகளின் தொடக்கம். தான் மிக இளையவன், அதுவும் கானரிக்குப் பின் அந்த இடத்தில் போய் நிற்பது சரிப்படாது என்று மறுத்துவிட்டார். புகழின் வாசலில் நிற்கும் இளம் நடிகன் ஒருவன் அப்படி மறுப்பது சிறிய காரியம் இல்லை. 1986இல் ரோஜர் மூருக்குப் பின் பிராஸ்னன் ஏறக்குறைய உறுதியாகிவிட்டார்; அவர் நடித்துக்கொண்டிருந்த ‘ரெமிங்டன் ஸ்டீல்’ தொலைக்காட்சித் தொடரைக் கடைசி நேரத்தில் தொலைக்காட்சி நிறுவனம் நீட்டித்துவிட்டதால் அந்த வாய்ப்பு கைநழுவியது. டால்டன் உள்ளே வந்தார். அதனால் ‘தி லிவிங் டேலைட்ஸ்’ திரைக்கதை அவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய குறைகளைப் பேசும்போது இது தேவைப்படும்.

அந்தப் படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி வியன்னாவின் பிராட்டர் கேளிக்கைப் பூங்காவில் நடப்பது. பெரிய ராட்டினத்தில் காராவோடு பாண்ட் சுற்றுகிறான். காரா என்பவள் அந்தச் செல்லோ பெண்தான். மரியம் டாபோ நடித்திருக்கிறார். படத்தின் மென்மையான நிமிடங்கள் இவை. பிறகு ஒரு சிற்றுண்டிக் கடையில் சாண்டர்ஸைச் சந்திக்கிறான். முன்பு முறைத்துக்கொண்டிருந்த இருவரும் இப்போது ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சாண்டர்ஸ் தான் திரட்டிய தகவல்களைக் கொடுக்கிறார், பாண்ட் மனதார நன்றி சொல்கிறான். சாண்டர்ஸ் வெளியேறும்போது எதிரி வைத்த பொறியால் தானியங்கிக் கண்ணாடிக் கதவு அவர்மேல் பாய்ந்து கொன்றுவிடுகிறது. ஒரு பலூன் உருண்டு வருகிறது. அதில், உளவாளிகளுக்குச் சாவு என்று ரஷ்ய மொழியில் எழுதியிருக்கிறது.

இங்கே டால்டன் செய்வதைப் பாருங்கள். பலூனை எடுத்து அதில் உள்ளதைப் படிக்கிறார். கைக்குள்ளேயே அதை உடைத்துவிடுகிறார். வேலிக்கு அப்பால் பலூன்கள் நகர்வதைக் கண்டு துப்பாக்கியோடு பாய்கிறார். அங்கே நிற்பது ஒரு தாயும் சிறுவனும். அவசரமாகத் துப்பாக்கியை மறைத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில், தான் என்ன செய்யவிருந்தோம் என்ற திகைப்பு அவர் முகத்தில் வந்துபோகிறது. திரும்பி வரும்போது நடையே வேறாக இருக்கிறது. காரா கேட்கும் கேள்விக்கு, செய்தி கிடைத்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் சொல்லி அவளை அழைத்துக்கொண்டு கிளம்புகிறார். சற்று முன்வரை அந்தப் பெண்ணிடம் இருந்த கனிவு அந்த முகத்தில் துளியும் இல்லை. நகைச்சுவை வசனம் இல்லை, நண்பனின் பெயரைச் சொல்லிப் புலம்பலும் இல்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாத ஒருவன் அதை விழுங்கிக்கொண்டு நடக்கிறான். இந்தத் தொடரில் ஒரு துணைப் பாத்திரத்தின் சாவு இவ்வளவு கனத்தோடு விழுந்தது அபூர்வம், அதைச் செய்தது டால்டனின் முகமும் நடையும்தான்.

அடுத்து மொராக்கோவின் டாஞ்சியரில் ஓர் ஓட்டல் அறை. கோஸ்கோவ் குற்றம்சாட்டிய சோவியத் உளவுத்துறைத் தலைவர் ஜெனரல் புஷ்கினைக் கொல்லச் சொல்லி உத்தரவு. ஜான் ரீஸ்-டேவிஸ் புஷ்கினாக நடித்திருக்கிறார். பெரிய உடம்பு, பெரிய குரல், எளிதில் காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளக்கூடிய நடிகர். பாண்ட் அவரை மண்டியிட வைக்கிறான். கோஸ்கோவை நம்புகிறாயா, என்னை நம்புகிறாயா என்று புஷ்கின் கேட்கிறார். கோஸ்கோவை நம்பியிருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்பது பாண்டின் பதில். ஆனாலும் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அவன் திட்டம் என்னவென்று தெரியப்போவதில்லை என்கிறான். இந்த உரையாடல் முழுவதும், இவன் சுட்டுவிடுவானோ என்ற அச்சம் நமக்கு உண்மையாகவே இருக்கிறது. கதாநாயகன் நல்லவன், நல்லவரைக் கொல்ல மாட்டான் என்ற உறுதியை டால்டன் நமக்குத் தருவதில்லை. பாண்ட் படத்தில் துப்பாக்கி ஆபத்தான பொருளாகத் தெரிந்தது இங்கேதான் என்பேன்.

சண்டைக் காட்சிகளிலும் இந்த நம்பகத்தன்மை உண்டு. படத்தின் தொடக்கத்தில் ஜிப்ரால்டர் பாறைச் சரிவில் ஓடும் லேண்ட்ரோவர் வண்டியின் கூரையைப் பற்றிக்கொண்டு போகும் பாண்டின் முகம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. டால்டன் அதில் கணிசமான பகுதியைத் தானே செய்தார். மூரின் கடைசிப் படம் வெளியானபோது அவருக்கு 57 வயது. ஓடுவதும் தாவுவதும் பதிலிகளின் வேலையாகி, கேமரா தொலைவில் நின்ற காலம் அது. டால்டனுக்கு அப்போது நாற்பது. கேமரா கிட்டே வர முடிந்தது. வலித்தால் வலிப்பதும் மூச்சு வாங்குவதும் திரையில் தெரிந்தன.

அதுவரை தொடர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. 1983இல் வந்த ‘ஆக்டோபஸி’ படத்தில் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஆளாக வருவார், உதய்ப்பூரில் நடக்கும் துரத்தலில் டென்னிஸ் மட்டையாலேயே அடியாட்களை விரட்டுவார். ரசித்துப் பார்க்கக்கூடிய விளையாட்டு அது. நான்கே ஆண்டுகளில் அதே தொடர், அதே இயக்குநர் ஜான் கிளென். பார்வையாளர்கள் அந்த விளையாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான் டால்டன் இறுகிய முகத்தோடு நடந்து வந்தார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். டால்டனுக்கு ஒருவரி நகைச்சுவை வராது. பிறருக்காக எழுதிய வாசகம்போல அது அவர் வாயில் ஒட்டாமல் நிற்கும். ‘தி லிவிங் டேலைட்ஸ்’ படத்தில் செல்லோப் பெட்டியைச் சறுக்குவண்டியாக்கிப் பனிமலைச் சரிவில் எல்லையைக் கடக்கும் காட்சி இருக்கிறது. படமாக்கிய விதம் அருமை. ஆனால் எல்லைக் காவலர்களிடம் அவர் குதூகலமாகக் கத்தும் கணத்தில் வேறு யாருடைய உடையையோ போட்டுக்கொண்டதுபோலத் தெரிகிறார். திரைக்கதை அவருக்காக எழுதப்படவில்லை என்று சொன்னேனே, அந்தத் தையல் பிரியும் இடங்கள் இவை. ஆப்கானிஸ்தானில் நடக்கும் கடைசி அரை மணி நேரம் தேவைக்கு மேல் நீள்கிறது. வில்லன்களில் ஜோ டான் பேக்கர் நடித்த ஆயுத வியாபாரி, பொம்மைப் போர்வீரர்களோடு விளையாடும் கோமாளியாகவே நின்றுவிடுகிறார். இப்படிப்பட்ட எதிரியோடு மோதும்போது டால்டனின் தீவிரம் வீணாகத்தான் போகிறது.

அந்தக் குறையை 1989இல் வந்த ‘லைசன்ஸ் டு கில்’ நீக்கியது. இந்தக் கதையை எழுதியபோது யார் நடிக்கப்போகிறார் என்பது மைக்கேல் ஜி. வில்சனுக்கும் ரிச்சர்ட் மைபாமுக்கும் தெரியும். வித்தியாசம் முதல் சில நிமிடங்களிலேயே தெரிகிறது. நெருங்கிய நண்பன் ஃபீலிக்ஸ் லெய்டரின் திருமணம். மணப்பெண் டெல்லா, அடுத்த திருமணம் உனக்குத்தான் என்பதற்கு அடையாளமான காலுறைப் பட்டையைப் பாண்டிடம் விளையாட்டாகத் தருகிறாள். அவன் முகம் வாடுகிறது, கிளம்ப வேண்டும் என்று சொல்லி நகர்கிறான். நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா என்று அவள் கேட்க, அவனுக்கும் ஒருமுறை திருமணம் நடந்தது, அது வெகுகாலத்துக்கு முன்பு என்கிறான் லெய்டர். இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு நடிகர் நடித்த படத்தில் இறந்த மனைவியின் நினைவு அது. அந்தக் கண்ணீரைப் பார்த்திராதவர்களுக்கும் டால்டனின் ஒரு பார்வையில் விஷயம் புரிந்துவிடும்.

அன்றிரவே போதைப்பொருள் கடத்தல்காரன் சான்செஸ் அந்த வீட்டுக்கு வருகிறான். டெல்லா கொல்லப்படுகிறாள். லெய்டரைச் சுறாவுக்குக் காட்டி, காலை இழந்த நிலையில் குற்றுயிராக வீட்டில் போட்டுவிட்டுப் போகிறார்கள். உடம்போடு ஒரு சீட்டு வைத்திருக்கும்; அதில் உள்ள கொடூரமான வாசகம்கூட ஃபிளெமிங்கின் ‘லிவ் அண்ட் லெட் டை’ நாவலில் இருப்பதுதான். மணக்கோலத்தில் கிடக்கும் டெல்லாவைக் கண்டதும் டால்டனின் முகம் போகும் போக்கை விவரிக்க முடியவில்லை, படத்தில் பாருங்கள். அதற்குப் பிறகு வரும் ஒன்றரை மணி நேரமும் அந்த முகத்தின் விளைவுதான்.

பழிவாங்கும் கதை என்றால் கதாநாயகன் பக்கம்தான் நியாயம் என்று வழக்கமாக முடித்துவிடுவார்கள். இந்தப் படம் அப்படி விடுவதில்லை. லெய்டரைக் காட்டிக்கொடுத்த அதிகாரியைச் சுறாத் தொட்டியில் தள்ளும்போது, அவன் லஞ்சமாக வாங்கிய பணப்பெட்டியையே அவன்மேல் எறிகிறான் பாண்ட். மேலதிகாரி எம், கீ வெஸ்ட் நகரில் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் அவனைச் சந்தித்து வேறு வேலைக்குப் போகச் சொல்கிறார். மறுத்ததும் கொல்வதற்கு அவனுக்கு இருந்த உரிமத்தைப் பறிக்கிறார். பாண்ட் தப்பி ஓடுகிறான். பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம். தனியாக நின்று சான்செஸைச் சுட அவன் எடுக்கும் முயற்சி, ஹாங்காங் போதைத் தடுப்புப் பிரிவினர் நெடுநாளாகத் திட்டமிட்டிருந்த மறைமுக நடவடிக்கையைப் பாழாக்குகிறது; அவர்கள் உயிரிழக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஏவுகணைகளை மீட்க பாம் பூவியே என்ற பெண் விமானி நடத்தி வந்த பேரமும் கெடுகிறது. கேரி லோவெல் நடித்த அந்தப் பாம், உன் சொந்தப் பகையைவிடப் பெரிய விஷயங்கள் இதில் இருக்கின்றன என்று அவனிடம் நேருக்கு நேர் சொல்லும்போது டால்டன் எதிர்த்துப் பேசுவதில்லை. தப்பு தன்மேல் என்பதை ஒப்புக்கொண்ட மௌனம் அது. பாண்ட் தவறு செய்தான், அதனால் ஆட்கள் செத்தார்கள் என்று ஒரு பாண்ட் படம் சொல்வதும், அதை நடிகர் தோளில் ஏற்றுக்கொள்வதும் அன்றைக்குப் புதியவை.

எதிரில் நிற்கும் ராபர்ட் டாவியும் சாதாரண ஆளில்லை. அவருடைய சான்செஸுக்குப் பணத்தைவிட விசுவாசம் பெரிது. அதையே பாண்ட் ஆயுதமாக எடுக்கிறான். சான்செஸின் வீட்டுக்குள் நண்பனாக நுழைந்து, அவனுடைய ஆட்கள் மேல் ஒவ்வொருவராகச் சந்தேகத்தை விதைத்து, அவன் கையாலேயே அவர்களைக் கொல்ல வைக்கிறான். இந்தப் பகுதியில் டால்டன் மிகக் குறைவாகப் பேசுகிறார். புன்னகை உதட்டில் இருக்கும், கண்ணில் இருக்காது. சான்செஸ் அவன்மேல் உண்மையான பிரியம் கொள்ளத் தொடங்குவதும், பாண்ட் அந்தப் பிரியத்தைக் கூசாமல் பயன்படுத்துவதும் பார்க்கச் சங்கடமாகவே இருக்கும். அடியாளாக வரும் இளைஞர் பெனிசியோ டெல் டோரோ; பின்னாளில் ஆஸ்கர் வாங்கியவர். அவரும் டாவியும் இருக்கும் காட்சிகளில் பாண்ட் உயிர் பிழைப்பான் என்ற நிச்சயம் குறைந்துவிடுகிறது. இறுதியில் எண்ணெய் லாரிகளின் துரத்தலுக்குப் பின், லெய்டர் தம்பதி அன்பளிப்பாகத் தந்த சிகரெட் லைட்டராலேயே சான்செஸை எரிக்கிறான். தீ அணைந்ததும் வெற்றிக்களிப்பு எதுவும் இல்லை. கிழிந்த சட்டையும் இரத்தமுமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறான்.

இதற்கு அடுத்த காட்சியில் மருத்துவமனையிலிருந்து லெய்டர் தொலைபேசியில் உற்சாகமாகப் பேசுவது படத்தின் பெரிய பிழை. சில நாட்களுக்கு முன் மனைவியையும் காலையும் இழந்தவன் அப்படிப் பேசுவானா? எழுத்தாளர்கள் பழைய பாணிக்குத் திரும்ப அவசரப்பட்டிருக்கிறார்கள். டால்டன் அதுவரை கட்டியெழுப்பியதற்கு இது நியாயம் செய்யவில்லை.

அப்படியானால் ஏன் அவர் கொண்டாடப்படவில்லை? முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சரிசெய்ய வேண்டும். டால்டனை மக்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்பார்கள். ‘தி லிவிங் டேலைட்ஸ்’ உலகம் முழுவதும் ஏறத்தாழ 19 கோடி டாலர் வசூலித்தது. அதற்கு முந்தைய மூர் படம் சுமார் 15 கோடி. ‘லைசன்ஸ் டு கில்’ அமெரிக்காவில் சுமார் மூன்றரைக் கோடி டாலரோடு நின்றது உண்மைதான். ஆனால் அது வெளியான 1989 கோடையில் ‘பேட்மேன்’, இண்டியானா ஜோன்ஸின் மூன்றாம் படம், ‘லீத்தல் வெப்பன் 2’ எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பிரிட்டனில் தணிக்கை வெட்டுகளுக்குப் பிறகும் 15 வயதுக்குட்பட்டோர் பார்க்கக் கூடாது என்ற சான்றிதழ் கிடைத்தது. ஒரு பாண்ட் படத்துக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. குடும்பத்தோடு பார்க்கும் படம் என்று பெயர் வாங்கியிருந்த தொடருக்கு அது பலத்த அடி.

அதைவிடப் பெரிய காரணம் வழக்கு. எம்ஜிஎம் திரைப்பட நிறுவனம் கைமாறியபோது பாண்ட் படங்களின் உரிமை தொடர்பாக எழுந்த சட்டப் போராட்டத்தால் ஆறு ஆண்டுகள் அடுத்த படமே வரவில்லை. மூன்றாவது படம் மூலம்தான் ஒரு நடிகர் பாண்டாக மனத்தில் பதிகிறார் என்பது என் கணிப்பு. கானரிக்கு அது ‘கோல்டுஃபிங்கர்’, மூருக்கு ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’. டால்டனுக்கு அந்தப் படம் அமையவில்லை. எல்லாம் சரியான பிறகு தயாரிப்பாளர் ஆல்பர்ட் பிராக்கோலி அவரைத் திரும்ப அழைத்தார். இன்னும் ஒரே படம் நடிக்கிறேன் என்ற எண்ணத்தில் டால்டன் இருந்தார். இவ்வளவு இடைவெளிக்குப் பிறகு ஒன்றோடு போக முடியாது, நான்கைந்து படங்களாவது வேண்டும் என்பது பிராக்கோலியின் நிலை. வாழ்க்கையின் அத்தனை ஆண்டுகளை அதற்குக் கொடுக்க விரும்பாமல் 1994 ஏப்ரலில் விலகினார். 1995இல் ‘கோல்டன்ஐ’ மூலம் பிராஸ்னன் வந்தார், பாண்ட் மறுபடியும் புன்னகைத்தான்.

2006இல் டேனியல் கிரேக் வந்தபோது, ஃபிளெமிங்கின் கடுமையான, காயப்பட்ட பாண்டை முதன்முறையாகத் திரையில் பார்க்கிறோம் என்று எழுதினார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. கிரேக்கின் நடிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவருக்குத் திரைக்கதையும் இயக்கமும் இசையும் ஒரே திசையில் ஓடின. பார்வையாளர்களும் வேறொரு காலத்தவர். டால்டன் அதே திசையில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தார், பெரும்பாலும் தனியாக. மேலதிகாரியை மீறி ஓடும் பாண்ட், நண்பருக்காகப் பழிவாங்கக் கிளம்பும் பாண்ட், வேலையை வெறுக்கும் பாண்ட் எல்லாம் அவரிடம் தொடங்கியவை.

நகைச்சுவை உணர்வு இல்லாத நடிகர் என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு வார்த்தை. 2007இல் வந்த ‘ஹாட் ஃபஸ்’ படத்தில் சிற்றூர் சூப்பர் மார்க்கெட் மேலாளராக அவர் செய்யும் அட்டகாசத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் நஞ்சு கலந்த சிரிப்பு. ‘டாய் ஸ்டோரி 3’ படத்தில் தன்னைப் பெரிய நாடக நடிகனாக நினைத்துக்கொள்ளும் முள்ளெலிப் பொம்மைக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. வேடிக்கை அவருக்கு நன்றாகவே வரும். பாண்ட் என்ற மனிதனுக்கு அது பொருந்தாது என்று முடிவெடுத்து விலக்கி வைத்தார்.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். 1985இன் ‘எ வியூ டு எ கில்’ படத்தை ஒரு நாள் பாருங்கள், மறுநாள் ‘தி லிவிங் டேலைட்ஸ்’ பாருங்கள். இரண்டுக்கும் ஜான் கிளென்தான் இயக்குநர். மைபாமும் வில்சனும்தான் எழுதினார்கள். இசை ஜான் பேரி. மேலதிகாரி எம்மாக ராபர்ட் பிரவுன், பாண்டுக்குக் கருவிகள் செய்து தரும் கியூவாக டெஸ்மண்ட் லெவலின். இடைவெளி இரண்டே ஆண்டுகள். இவ்வளவும் ஒன்றாக இருந்தும் இரண்டாவது படம் வேறொரு மனிதனைப் பற்றிய கதையாகத் தெரிந்தால், அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு டால்டனுடையது.